பெட்டிக்குள் அடங்காத கூரை

திருகோணமலை,
ஐப்பசி, 2003.

பேரன்புள்ள சின்ன மாமாவுக்கு,

மருமகள் பூரணி பணிவோடு எழுதிக்கொள்வது. கோணேசப் பெருமான் கிருபையால் இங்கே அம்மாவும் நானும் மாதர் சங்கத்தில் உள்ள எல்லோரும் பூரண சுகம். பாலர் பாடசாலையின் கூரையும் ஓரளவு சுகம். கொஞ்சம்தான் ஒழுகுகிறது, கவலைப்பட வேண்டாம். கனடாக் குளிர் உங்களையும் மாமியையும் அண்டாமல் அங்கேயும் எல்லாம் சுகமாக நடக்கும் என்று நம்புகிறோம்.

இதை ஈமெயிலில் அனுப்பாமல், இந்தக் கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிற குலசிங்கம் அங்கிளிடம் கையில் கொடுத்துவிடுகிறேன். சங்கத்துக் கொம்பியூட்டரில் எதை எழுதினாலும் கனகசுந்தரம் ஐயா அதை எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டுவார். வருகிறதையும் வாசிப்பார், போகிறதையும் வாசிப்பார். கடிதம் என்றால் வீட்டில் எல்லோரும் கேட்க வாசிப்பதுதானே முறை என்பார். நான் எழுதப்போவதைச் சங்கத் தலைவி நல்லம்மா மாமி கேட்டால் எனக்கு நாளைக்கு அங்கே தலை காட்ட ஏலாது.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பாடசாலைக்குப் பக்கத்திலிருக்கிற பல்கீஸ் ராத்தா வீட்டுப் போனுக்கு எடுத்து, "பூரணி, அந்த இணையப் பக்கத்தை மாத முடிவோட மூடப்போறன், உனக்கு ஏதும் சொல்ல இருக்கோ" என்று கேட்டீர்கள். நான் மூட வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பலமாகத்தான் ஆட்டினேன். நீங்கள் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சரி, நீயும் ஒண்டும் சொல்லேல்லை, அப்ப மூடுறன்" என்று போனை வைத்துவிட்டீர்கள். பக்கத்தில் நின்ற பல்கீஸ் ராத்தா, "புள்ள, நீ இஞ்ச ஆட்டுற தல கனடாவுக்குத் தெரியுமா" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். நான் தலையால் சொன்னதை இதில் எழுத்தால் சொல்லுகிறேன்: மூட வேண்டாம், மாமா.

நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. விடியவே மீன் சந்தைக்கும் தையல் வேலைக்கும் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்ல எங்கள் பாலர் பாடசாலையை விட்டால் இந்த ஊரில் வேறு இடம் இல்லை. நான் அங்கே பிள்ளைகளைப் பார்க்கிறவள். குச்சவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிறகு, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வகுப்பில் ஒரே வாங்கில் இருக்க வெட்கப்பட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது அவர்களைவிடவும் சின்னப் பிள்ளைகளோடு ஒரே பாயில் இருக்கிறேன். அவர்களிடம் மட்டும்தான் நான் சத்தமாகக் கதைப்பது. கூரை ஓட்டில் பாதியைப் பழைய வெடிச் சத்தங்கள் அசைத்துவிட்டன, மீதியைக் குரங்குகள் அசைக்கின்றன. மாரிக்கு முன் கூரையை மேயாவிட்டால் பாலர் பாடசாலையை மூட வேண்டும் என்று தலைவி நல்லம்மா மாமி கூட்டத்தில் சொன்னபோது நீங்கள்தான் அங்கிருந்து கொம்பியூட்டரும் கமராவும் அனுப்பினீர்கள். பக்கம் ஒன்றைத் திறந்து தந்து, "உங்கட குறையை உலகத்துக்குச் சொல்லுங்கோ, உதவி தானா வரும்" என்றீர்கள். உலகத்துக்குச் சொன்னோம். என்ன சொன்னோம் என்பதில்தான் பிசகு.

கொம்பியூட்டர் வந்த கதையிலிருந்தே தொடங்க வேண்டும். சமாதானக் காலம் என்று பேர்தான், சென்றிச் சோதனைச் சாவடியில் பெட்டியைப் பிரித்தார்கள். கடற்படைப் பெடியன் ஒருவன் மவுஸை வாலில் பிடித்துத் தூக்கி இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். நல்லம்மா மாமி உங்கள் கடிதத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எலி என்றார். அவன் மாமியையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் போகச் சொன்னான். பாடசாலையில் ஒழுகாத மூலை ஒன்றுதான் இருந்தது. அதில் கொம்பியூட்டரை வைத்து, பொலித்தீனால் மூடி, மதிலுக்கு மேலால் பல்கீஸ் ராத்தா வீட்டுப் போன் வயரை இழுத்தோம். நாங்கள் இணையத்தில் இருக்கிற நேரமெல்லாம் ராத்தாவின் தங்கை சவூதியிலிருந்து எடுக்கிற போன் கிடைக்காது. அந்தத் தங்கை, அக்கா தன்னோடு கோபம் என்று நினைத்து அங்கே அழுதிருக்கிறார். ராத்தா பொருளாளர் என்றபடியால் பொறுத்துக்கொண்டார்.

பிறகு படம். உடைந்த கூரையையும் பிள்ளைகள் நனைவதையும் எடுத்துப் போடச் சொல்லி எழுதியிருந்தீர்கள். நான் கமராவைக் கூரைக்கு நேரே பிடித்ததும் நல்லம்மா மாமி வந்து கையை வைத்து மறைத்தார். "வீட்டுக்கு ஆக்கள் வரேக்க உடைஞ்ச சட்டியையோ முன்னுக்கு வைக்கிறனாங்கள்? உன்ர மாமன் கனடாவுக்குப் போய் மரியாதையை மறந்திட்டான்." ஆகவே எல்லோரும் பல்கீஸ் ராத்தா வீட்டு விறாந்தையைக் கடந்து உள்ளே போய், சவூதி மணிக்கூடும் பிளாஸ்ரிக் பூவும் வைத்த கண்ணாடி அலுமாரிக்கு முன் வரிசையாக நின்றோம். பிள்ளைகளுக்கு எண்ணெய் வைத்து வாரிப் பவுடர் பூசினோம். மாமி மகளின் கலியாணத்துக்குக் கட்டிய பட்டை எடுத்துக் கட்டினார். நகை இல்லாதவர்களுக்கு ராத்தா தன் வளையல்களைக் கழற்றி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். அம்மாவும் ஒன்று போட்டார். அம்மாவை அவ்வளவு வடிவாக நான் கண்டதில்லை, மாமா. அந்தப் படத்தில் ஒரு குறையும் இல்லை, அதுதான் குறை.

எழுத்து வேலை கனகசுந்தரம் ஐயாவுடையது. துறைமுகக் கந்தோரில் பிரதம எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறியவர், அவருடைய ஆங்கிலத்துக்கு வெள்ளைக்காரரே எழுந்து நின்றதாக அவர் சொல்லுவார். நாலு நாள் இருந்து எழுதினார். கடவுள் கிருபையால் நாங்கள் யாவரும் பூரண சுகம் என்றும், ஒரு குறையுமின்றி இருக்கிறோம் என்றும், இதை வாசிக்கும் கனவான்களும் சீமாட்டிகளும் அவர்தம் குடும்பத்தாரும் சுகமா என்று அறியப் பேராவல் கொண்டுள்ளோம் என்றும், உடனே அறியத் தரவும் என்றும் எழுதினார். ஆங்கிலத்தில் அது இன்னும் நீளம். நான் அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன். நீங்கள் அந்தப் பக்கத்தின் முகப்பில் எழுதுவதற்கு ஒரு பெட்டிதானே வைத்திருந்தீர்கள்? "இவ்வாறிருக்க, எங்கள் பாலர் பாடசாலையானது, அதனுடைய" என்ற இடத்தில் பெட்டி நிரம்பிவிட்டது. அதற்குமேல் ஒரு எழுத்தும் ஏறவில்லை. கூரை வெளியில் நின்றுவிட்டது.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். வாயால் சொல்ல வரவில்லை, திரையைத் தொட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, "எதை வெட்டச் சொல்லுறாய், பிள்ளை? சுகம் விசாரிக்கிறதை வெட்டுறதோ? சுகம் கேளாமல் தொடங்கிற கடிதத்தை என்ர சீவியத்தில நான் கையெழுத்துக்கு அனுப்பினதில்லை" என்றார். நல்லம்மா மாமியும் அதே கட்சி. "முதல் கடிதத்திலேயே கேக்கிறது அழகில்லை. கூரை அடுத்ததில போகட்டும்." அடுத்தது என்று ஒன்று இல்லை, முகப்பில் அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று விளங்கப்படுத்த எனக்குத் தைரியம் போதவில்லை.

பக்கத்தின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டுகிற இலக்கம் வைத்திருந்தீர்கள், ஞாபகமா? அது கூடக் கூட நல்லம்மா மாமிக்குக் கவலை. "இவ்வளவு பேர் வந்திட்டுப் போயிருக்கினம், ஆரெண்டு தெரியாது, ஒருத்தரையும் இரு எண்டு சொல்லேல்லை. ஒரு தேத்தண்ணி இல்லை. என்ன நினைப்பினம்?" ஆகவே வந்தவர்கள் மன்னிக்க வேண்டும் என்று ஐயாவைக் கொண்டு இன்னொரு வசனம் எழுதுவித்தார். அதற்கும் பெட்டியில் இடமில்லை. நான் ஒருநாள் கவனித்தேன்: நான் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் இலக்கம் ஒன்று கூடுகிறது. வந்தவர்கள் எல்லோரும் நான்தான். இதை மாமியிடம் சொல்லவில்லை, எனக்கென்று தேத்தண்ணி ஊற்றத் தொடங்கிவிடுவார்.

ஆனால் ஒருநாள் உண்மையாகவே ஒருவர் வந்தார். ஸ்கொட்லாந்தில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் இருக்கிற ஐரீன் அம்மா. அவருடைய கணவர் வாலிபத்தில், அந்தப் பெரிய உலக யுத்தத்தின்போது, எங்கள் துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவராம். சாகுமட்டும் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் போன பிறகு இந்த அம்மா நூலகத்துக் கொம்பியூட்டரில் அந்தப் பேரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். எங்கள் பக்கம் வந்திருக்கிறது. அவர் எழுதியது இவ்வளவுதான்: "நான் சுகமா என்று கேட்டிருந்தீர்கள். கேட்டதற்கு நன்றி. சுகமில்லை. முழங்கால்."

ஐயா இதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். நல்லம்மா மாமிதான் முதலில், "பாவம். சுகமோ எண்டு கேட்டதுக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டா. எவ்வளவு வருத்தமெண்டால் அப்பிடிச் சொல்லுவா" என்றார். அன்றைக்குக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் கூரை இருந்தது. அதை ஒத்திவைத்து முழங்காலை எடுத்தார்கள். மாமி நொச்சியிலை அவித்து ஒத்தணம் கொடுக்கச் சொன்னார். ராத்தா கருஞ்சீரக எண்ணெய் என்றார். "நொச்சிக்கு அந்தக் குளிருக்க எங்க போவா? இது கடையில வாங்கலாம்" என்று ராத்தா சொல்ல, "கடையில வாங்கிறதெல்லாம் மருந்தோ" என்று மாமி கேட்க, அம்மா நடுவில் நின்று இரண்டையும் எழுதச் சொன்னார். ஐயா கந்தோர் முறைப்படி முதலாம் பந்தி நொச்சி, இரண்டாம் பந்தி எண்ணெய் என்று இலக்கமிட்டு எழுத, நீங்கள் பாடசாலைச் செய்திகளுக்கென்று வைத்த இடத்தில் நான் அதை ஏற்றினேன். அங்கே இடம் தாராளமாக இருந்தது. பிள்ளைகள் ஐரீன் அம்மாவைப் படம் கீறித் தந்தார்கள். ஒருவரும் அவரைக் கண்டதில்லை, ஆகையால் முழங்கால் மட்டும்தான் வந்தது. அதையும் ஏற்றினேன்.

அதற்குப் பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். அவுஸ்திரேலியாவில் ஒருவருக்குத் தோள்மூட்டு. ஜேர்மனியில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தாயின் இடுப்பு. ஐரீன் அம்மாவோ கருஞ்சீரக எண்ணெயை எங்கோ ஒரு கடையில் பிடித்து, பூசி, நூலகப் படியைப் பிடிக்காமல் ஏறினேன் என்று எழுதினார். அன்றைக்கு ராத்தா நல்லம்மா மாமியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மாமி பார்க்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நீங்கள் ரொறன்ரோ ஆட்களைக் கூட்டி வைத்துப் பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். பட்டுச் சேலை, வளையல், கண்ணாடி அலுமாரி, ஒரு குறையும் இல்லை என்ற எழுத்து, கீழே ஒரு முழங்கால். "இவைக்கு என்ன குறை? இவைதான் எங்களுக்கு உதவி செய்யவேணும்" என்று அதில் ஒருவர் சொன்னாராம். உங்களுக்கு எவ்வளவு வெட்கமாக இருந்திருக்கும். வெட்கம் என்றால் என்னவென்று எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான் நல்லாய்த் தெரியும், மாமா. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் போனை வைத்து இரண்டு நாளில் ஐரீன் அம்மாவிடமிருந்து இன்னொன்று வந்தது. அதை நீங்கள் அறியவில்லை. அவர் எழுதியிருந்தார்: "உங்கள் பக்கத்தில் ஒரு வசனம் பாதியில் நிற்கிறது. எங்கள் பாலர் பாடசாலையானது, அதனுடைய. அதனுடைய என்ன? மாதக்கணக்கில் யோசிக்கிறேன். என் கணவர் போன பிறகு என் முழங்காலைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை, நீங்கள் கேட்டீர்கள். இப்போது நான் கேட்கிறேன். நீங்கள் சுகமா? மரியாதைக்குச் சொல்லாமல் சொல்லுங்கள்."

ஐயா இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பல்கீஸ் ராத்தா, "கேட்டுட்டாவே" என்றார். எல்லோரும் நல்லம்மா மாமியைப் பார்த்தோம். மாமி கூரையைப் பார்த்தார். அங்கே ஒரு குரங்கு ஓட்டுக்குள்ளால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கேளாதவையிட்டச் சொல்லுறதுதான் இரக்கிறது. கேட்டவையிட்ட மறைச்சால் அது பொய். ஐயா, எழுதுங்கோ" என்றார்.

ஐயா மாட்டேன் என்றுவிட்டார். "உதவி கேக்கிறதெண்டால் அது மனு. மனு மேலிடத்துக்கு எழுதுறது. இந்த மனுசி மேலிடம் இல்லை, சிநேகிதி. சிநேகிதிக்கு மனு எழுதுற வடிவம் என்னட்ட இல்லை." பிறகு என்னைப் பார்த்தார். "பூரணி எழுதட்டும். அவளுக்கு அலங்காரம் ஒண்டும் தெரியாது." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், இந்த முறை அது தெரிந்தது. தெரிந்தும் ஒருவரும் விடவில்லை.

அன்றிலிருந்து பதில் எழுதுகிற பெட்டிக்கு முன்னால் இருக்கிறேன், மாமா, அதுவும் அதே அளவுதான். கூரை, மழை, நனைதல் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தெரியும், பிள்ளைகளின் படப் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் கையை வைத்தவுடன் நாங்கள் எல்லோரும் சுகம் என்றுதான் வருகிறது. அழிக்கிறேன், திரும்ப அதுதான் வருகிறது. ஐரீன் அம்மா எழுதுவதும் நாங்கள் எழுதுவதும் அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். மூடினால் அவரைப் பிடிக்க வேறு வழி இல்லை. வீட்டு வாசலில் நின்று சுகமா என்று கேட்டவருக்கு முன்னால் கதவைச் சாத்தினதாக முடியும். நான் எழுதி முடிக்கும்வரை தயவுசெய்து பொறுங்கள். எத்தனை நாள் எடுக்கும் என்று தெரியாது. என்னால் முடியாமலே போகவும் கூடும்.

கோணேசர் உங்கள் எல்லோருக்கும் துணை நிற்கட்டும். பல்கீஸ் ராத்தா உங்களுக்காகத் துஆச் செய்கிறாராம், தங்கையின் போன் கிடைக்காத கோபம் அதில் சேராது என்று சொல்லச் சொன்னார். கனகசுந்தரம் ஐயா தன் மரியாதைகளை முறைப்படி தெரிவிக்கிறார். அம்மா, தன் தம்பி நேரத்துக்குச் சாப்பிடட்டும் என்கிறார். அங்கே மாமிக்கு என் அன்பு.

உங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
பூரணி.

பி.கு.: குலசிங்கம் அங்கிளின் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனதால் கடிதத்தை ஒட்டவில்லை. இன்றைக்கு எடுத்து வாசித்துப் பார்த்தேன். முதல் பந்தியை வெட்டிவிடுங்கள், மாமா. உங்களுக்கும் நான் அதையேதான் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் சுகமில்லை. மழை முந்திவிட்டது. நேற்று மத்தியானம் நடு அறைக் கூரை ஒரு பக்கம் அப்படியே இடிந்து இறங்கிவிட்டது. பிள்ளைகள் சாப்பாட்டுக்குக் கை கழுவ முற்றத்தில் நின்றதால் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பாய்கள் எல்லாம் போய்விட்டன. கொம்பியூட்டர் அதன் மூலையில் பொலித்தீனுக்குள் இருக்கிறது. பிள்ளைகளை இப்போது பல்கீஸ் ராத்தா வீட்டில், அந்தக் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் வைத்துப் பார்க்கிறேன். படம் இப்போதுதான் உண்மையாகியிருக்கிறது. அதற்குள் அலுமாரியில் ஒரு கண்ணாடி உடைந்துவிட்டது. பாடசாலை திரும்பத் திறக்காது என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த வரிகளை உங்களுக்குத் தமிழில் எழுதின பிறகு ஆங்கிலம் தானாக வந்தது. கூரை விழுந்துவிட்டது. பிள்ளைகளுக்குக் காயமில்லை. மழை மாதக்கணக்கில் பெய்யும். எங்களுக்கு உதவி வேண்டும். பாடசாலையின் ஒழுகாத மூலையில் இருந்து, ஐயா வருவதற்கு முன் தட்டி அனுப்பிவிட்டேன். பெட்டியில் நிறைய இடம் மிச்சம் இருந்தது. ஆகவே, முழங்கால் எப்படி என்றும் கேட்டேன். அப்போதும் இடம் இருந்தது.

இன்னும் ஒன்று. உங்கள் கடைசிக் கடிதத்திலும் நீங்கள் பூரண சுகம் என்றுதான் இருந்தது. ஆனால் போன ஞாயிறு போனில் நீங்கள் இருமிக்கொண்டே இருந்தீர்கள். நான் பேசாமல் நின்றபடியால் எனக்கு எல்லாம் கேட்டது. மரியாதைக்குச் சொல்லாமல் சொல்லுங்கள், மாமா. நீங்கள் சுகமா?